சேலத்தில் ஏறி ஓசூரில் இறங்குங்கள்: கன்சோல் விமான சிமுலேட்டரை எடைபோடுவது எப்படி?

"அண்ணா, இதுல நம்ம ஊரு தெரியுமா?" தர்மபுரியில் யார் வீட்டு டிவியில் விமான சிமுலேட்டரைப் போட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். சின்னப்பிள்ளைக் கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு சிமுலேட்டரை எடைபோட இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைத்ததில்லை. விளம்பர வீடியோவில் நியூயார்க்கையும் ஆல்ப்ஸ் மலையையும் காட்டுவார்கள். அவற்றை நம்மில் பலர் நேரில் பார்த்ததில்லை. அழகாக இருந்தால் சரியாகவும் இருக்கிறது என்று நம்பிவிடுவோம். தொப்பூர் கணவாயும் கே.ஆர்.பி. அணையும் அப்படி இல்லை. எந்த மலை ரோட்டுக்கு எந்தப் பக்கம், எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று பஸ்ஸில் போய்ப் போய் நமக்கு அத்துபடி.

அதனால் நான் சொல்லப்போகும் முறை இதுதான்: தெரிந்த மண்ணுக்கு மேல், ஒரே விமானத்தில், விளையாட்டு தரும் உதவிகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரே பாதையில் பறந்து பார்ப்பது. பாதை சேலம் விமான நிலையத்தில் ஆரம்பித்து, தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூரில் முடியும். இதற்கு முன்னால் பறந்த அனுபவம் தேவையில்லை. ஒரு நோட்டும் செல்போனில் உள்ள ஸ்டாப்வாட்ச்சும் போதும்.

என்ன வாங்குகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"ஃபிளைட் கேம்" என்று கடையில் கேட்டால் இரண்டு வேறு சரக்குகளை ஒரே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். 2019-இல் வந்த 'ஏஸ் காம்பாட் 7' சண்டை விளையாட்டு. அதில் ஒரு போர் விமானம் டஜன் கணக்கில் ஏவுகணை சுமக்கும், எரிபொருளைப் பற்றிக் கவலையே இல்லை. அதை அதன் கணக்கில்தான் பார்க்க வேண்டும். சண்டை விறுவிறுப்பாக இருக்கிறதா, கட்டுப்பாடு கைக்கு வருகிறதா என்று பார்த்தால் போதும். 'வார் தண்டர்' நடுவில் நிற்கிறது. இலவசமாகவே கிடைக்கும், ஆர்கேடு, ரியலிஸ்டிக், சிமுலேட்டர் என்று மூன்று நிலைகள் உண்டு. காசு போடுவதற்கு முன்னால் விமானம் ஓட்டுவது நமக்குப் பிடிக்குமா என்று பார்க்க நினைப்பவர்கள் அதன் சிமுலேட்டர் நிலையில் ஆரம்பிக்கலாம்.

உலகம் முழுவதையும் உள்ளடக்கிய, பயணிகள் விமானம் வரைக்கும் ஓட்டக்கூடிய சிமுலேட்டர் என்றால் கன்சோலில் இன்றைக்கு முதலில் நிற்பது 'மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்'. 1982-இல் கணினிக்கு வந்த தொடர் இது. 2020 பதிப்பு 2021 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் ஸீரிஸ் எக்ஸ், ஸீரிஸ் எஸ் இரண்டுக்கும் வந்தது. 2024 பதிப்பு அந்த ஆண்டு நவம்பரில் கணினிக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்து, 2025 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்து சேர்ந்தது. பிரான்ஸில் உள்ள அசோபோ ஸ்டுடியோ இரண்டையும் உருவாக்கியது. கணினிக்காரர்கள் பெருமையாகப் பேசும் 'எக்ஸ்-பிளேன் 12', 'டிசிஎஸ்' ஆகியவை கன்சோலில் கிடையாது; யாராவது கன்சோலுக்கு என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். கீழே சொல்லும் சோதனைகள் மைக்ரோசாஃப்ட்டின் சிமுலேட்டரை மனதில் வைத்து எழுதியவை. ஆனால் இயற்பியல் எல்லா விளையாட்டுக்கும் ஒன்றுதான். உலக வரைபடம் உள்ள எந்தச் சிமுலேட்டரிலும் போட்டுப் பார்க்கலாம்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று. பிளேஸ்டேஷன் கடையில் டிஜிட்டலாக வாங்கிப் பதிவிறக்கம் ஆரம்பித்துவிட்டால், பிடிக்கவில்லை என்று சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதுதான் பொது விதி. எக்ஸ்பாக்ஸில் கேம் பாஸ் சந்தாவுக்குள் சிமுலேட்டர் கிடைத்து வருகிறது. எந்த நிலைச் சந்தாவில் இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்துவிட்டு, ஒரு மாதச் சந்தா கட்டிச் சோதித்துவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம். நண்பர் வீட்டில் கன்சோல் இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டு இணையம், இடம், டிவி

இந்தச் சிமுலேட்டர் உலகத்தைத் தட்டில் போட்டுத் தருவதில்லை. நீங்கள் பறக்கப் பறக்க நிலத்தின் படங்களை இணையத்தில் இருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். 2024 பதிப்பு இதில் ஒரு படி மேலே போய், விமானங்களின் தரவையே பெரும்பாலும் அப்படித்தான் கொண்டுவருகிறது. அது வெளியான நாளில் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் ஆட்கள் நுழைந்ததில் சர்வர் தாங்காமல் பலர் ஏற்றும் திரையிலேயே காத்திருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணினிப் பதிப்புக்கு வெளியிட்ட தேவைப் பட்டியலில் குறைந்தபட்சம் 10 எம்பிபிஎஸ், பரிந்துரை 50 எம்பிபிஎஸ் என்று இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் முழுசாக ஓடினால் 4.5 ஜிபி, 50 எம்பிபிஎஸ் என்றால் 22.5 ஜிபி. எப்போதும் அவ்வளவு இழுக்காது. ஆனாலும் ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் செல்போன் பிளானை ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஃபைபர் இணைப்பு வேண்டும்.

நம் பக்கம் பல ஊர்களில் கேபிள் டிவிக்காரர் கொடுக்கும் ஃபைபர்தான் இருக்கிறது. அதன் வேகத்தைக் காலை பத்து மணிக்குச் சோதித்துப் பயனில்லை. தெருவே சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கும் ராத்திரி எட்டு முதல் பத்துக்குள் சோதியுங்கள். நீங்கள் விளையாடப்போவதும் அந்த நேரத்தில்தான். வேகம் விழுந்தால் சிமுலேட்டரில் தரை மெழுகு பூசினாற்போல் மங்கும், வீடுகள் தாமதமாக முளைக்கும். அதைப் பார்த்து விளையாட்டு மோசம் என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் லைன் மோசம். அமைப்பில் 'ரோலிங் கேச்' என்று ஒன்று இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். ஒரே பாதையில் மறுபடி பறக்கும்போது படங்களைத் திரும்ப இழுக்க வேண்டியது குறையும்.

ஸீரிஸ் எஸ்ஸில் 512 ஜிபி என்று போட்டிருந்தாலும் நமக்குக் கிடைக்கும் இடம் சுமார் 364 ஜிபி. 2020 பதிப்பு 100 ஜிபிக்கு மேல் பிடிக்கும் என்பதால் வேறு ஏதாவது அழிக்க வேண்டி வரலாம். டிவியில் 'கேம் மோட்' போடாமல் எந்தச் சோதனையும் ஆரம்பிக்காதீர்கள். சாதாரண நிலையில் டிவி படத்தை மெருகேற்றிக் காட்ட நேரம் எடுத்துக்கொள்ளும். குச்சியைத் தள்ளியதற்கும் இறக்கை சாய்வதற்கும் நடுவே தாமதம் வரும். அந்தத் தாமதத்தோடு இறங்கப் பார்த்தால் விமானம் மேலும் கீழும் ஆடும், பழியைச் சிமுலேட்டர் மேல் போடுவோம்.

உதவிகளை அணைப்பது

இதைச் செய்யாதவர்கள் எழுதும் விமர்சனத்தை நான் படிப்பதில்லை. புதிதாக ஆரம்பிக்கும்போது விளையாட்டு தானாகவே பல உதவிகளைப் போட்டு வைத்திருக்கும். மூக்கை நேராகப் பிடிக்கும், ரட்டரை (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகட்டை) அதுவே மிதிக்கும், மோதினாலும் சேதமில்லை என்று விட்டுவிடும். அவை எல்லாம் இருக்கும்போது நீங்கள் ஓட்டுவது விமானத்தை இல்லை. அசிஸ்டன்ஸ் பக்கத்துக்குப் போய் மூன்று நிலைகளில் கடினமானதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் பார்த்து, ஆட்டோ-ரட்டர், டேக்-ஆஃப் உதவி, லேண்டிங் உதவி மூன்றும் அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இரண்டு நாள் கஷ்டமாக இருக்கும். பழகக் கடினமாக இருக்கிறது என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கவும் வேண்டாம். நிஜ விமானமும் பழகக் கடினமானதுதான்.

விமானம் செஸ்னா 172. வேறு எதையும் எடுக்காதீர்கள். 1950-களில் இருந்து 44,000-க்கும் மேல் கட்டப்பட்ட விமானம் அது. பறக்கும் பள்ளிகளில் உலகம் முழுக்க ஓடுவதால் அதன் ஒவ்வொரு வேகமும் கையேட்டில் எண்ணாக இருக்கிறது. அந்த எண்களைத்தான் நாம் அளவுகோலாக வைத்துக்கொள்ளப் போகிறோம். போர் விமானத்தை எடுத்தால் அது சரியாகப் பறக்கிறதா என்று சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? எடையை முழு அளவுக்கு, 2,550 பவுண்டுக்கு வையுங்கள். வானிலையைத் தெளிவான வானம், காற்று இல்லை என்று வையுங்கள். நேரம் காலை ஏழு மணி.

சேலத்தில் இருந்து ஓசூர்

சேலம் விமான நிலையம் ஓமலூருக்குப் பக்கத்தில், கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. குறியீடு வி.ஓ.எஸ்.எம். ஓடுபாதை 04, 22. அதாவது வடகிழக்கு நோக்கி ஒன்று, தென்மேற்கு நோக்கி ஒன்று. 04-இல் நில்லுங்கள்.

த்ராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) முழுசாகத் திறந்ததும் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் மூக்கு. அது இடப்பக்கம் இழுக்க வேண்டும். காக்பிட்டில் இருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது; அதன் எதிர்விளைவும் அது பின்னால் தள்ளும் சுழல்காற்றும் சேர்ந்து விமானத்தை இடப்பக்கம் திருப்பும். வலது ரட்டரைக் கொஞ்சம் கொடுத்தால்தான் நடுக்கோட்டில் ஓடும். ரட்டரைத் தொடாமலே நேராக ஓடினால், ஒன்று உதவி இன்னும் அணையவில்லை, இல்லை விளையாட்டு அந்த விசையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. வேகம் 55 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்) வந்ததும் மூக்கைத் தூக்குங்கள். 74 நாட்டைப் பிடித்து ஏறுங்கள். கடல்மட்டத்தில் இந்த விமானம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 730 அடி ஏறும். சேலத்தில் அதைவிடச் சற்றுக் குறைய வேண்டும். ஊசி 1,200-ஐக் காட்டினால் விளையாட்டு உங்களைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம் சேர்வராயன் மலை எழும். அதன் உச்சி 5,300 அடியைத் தொடும். நீங்கள் இடப்பக்கம் திரும்பி வடக்கே, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். 5,500 அடியில் சமநிலைக்கு வாருங்கள். இடப்பக்கம் தூரத்தில் மேட்டூர் நீர்த்தேக்கம் பளபளக்கும். அது தெரியவில்லை என்றால் தொலைவுக் காட்சியின் அளவைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் தொப்பூர். இங்கே நிதானமாகப் பாருங்கள். தர்மபுரியில் இருந்து சேலம் போகும் லாரிகள் பிரேக்கை மிதித்தபடி இறங்கும் அந்தச் சரிவு, மேலிருந்து பார்க்கும்போது சரிவாகத் தெரிகிறதா? இல்லை ரோட்டுப் படத்தைத் தட்டையான தரையில் ஒட்டியதுபோல் இருக்கிறதா? ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மலை நெருங்கி வர வேண்டும். ரயில் பாதை தனியாக வளைந்து வளைந்து ஏற வேண்டும். நில உயரத் தரவு நன்றாக இருக்கிற சிமுலேட்டரில் இந்தக் கணவாய் கணவாயாகவே இருக்கும். இந்த ஓர் இடத்தில் கிடைக்கும் விவரம் எனக்கு நியூயார்க் வானுயர் கட்டடங்கள் எல்லாவற்றையும்விடப் பெரிது.

தர்மபுரிக்கு மேல் வந்ததும் பிள்ளைகள் வீட்டைத் தேடுவார்கள். தேடட்டும். ஆனால் இங்கே எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். சில பெருநகரங்களை விமானத்தில் இருந்து படமெடுத்து, கட்டடம் கட்டடமாக முப்பரிமாணத்தில் கட்டியிருக்கிறார்கள். நம் ஊருக்கு அது இல்லை. செயற்கைக்கோள் படத்தில் கூரை தெரியும் இடத்தைக் கணினியே கண்டுபிடித்து, ஏதோ ஒரு கட்டடத்தை நட்டு வைக்கும். அதனால் கோயில் கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் மாடி வீடு நிற்கலாம், பஸ் ஸ்டாண்டு ஏதோ குடோனாகத் தெரியலாம். தெருக்களின் போக்கு சரியாக இருக்கும். இதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தால் உலகத்தில் முக்கால்வாசி ஊருக்குக் குறைக்க வேண்டும். செயற்கைக்கோள் படம் எடுத்த நாளில் ஏரி வற்றியிருந்தால், நீங்கள் ஐப்பசி மழையில் பறந்தாலும் சுற்றுவட்டாரம் சித்திரை மாதமாகவே காய்ந்து கிடக்கும். அதுவும் பறக்கும் தரத்தோடு சம்பந்தமில்லாத விஷயம்.

இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிவதைக் கவனியுங்கள். ரயில் பாதை பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகிறது. ரோடு காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி வழியாகச் சுற்றிப் போகிறது. கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது என்பது நமக்குத் தெரியும். சிமுலேட்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாம் ரோட்டோடு போவோம். காவேரிப்பட்டணம் தாண்டியதும் இடப்பக்கம் கே.ஆர்.பி. அணை. தென்பெண்ணையின் தண்ணீர் சமமட்டமாக நிற்கிறதா, இல்லை கரையோரம் மேடேறி வழிகிறதா என்று பாருங்கள். தண்ணீர் மலைமேல் ஏறி நிற்கும் பிழை உயரத் தரவும் நீர்ப்பரப்புக் கோடும் ஒட்டாத இடங்களில் வரும். அப்புறம் கிருஷ்ணகிரி கோட்டை மலை. அது மொட்டைப் பாறை. செங்குத்தாக நிற்க வேண்டும். தரவு தடிப்பாக இருந்தால் அது ஒரு மண்மேடாக உருண்டு போயிருக்கும். சுற்றிலும் கிரானைட் குவாரிகள் வெள்ளைச் சதுரங்களாகத் தெரிந்தால் படம் தெளிவானது என்று அர்த்தம்.

இனி இந்தப் பயணத்தின் நல்ல பகுதி. நீங்கள் இன்னும் அதே 5,500 அடியில்தான் இருக்கிறீர்கள். சேலத்துக்கு மேல் தரை 4,500 அடி கீழே இருந்தது. மேலுமலை தாண்டி, சூளகிரி தாண்டி, ஓசூர் மேட்டுநிலத்துக்கு வந்தால் தரை 2,500 அடிதான் கீழே. உயரமானி ஊசி அசையவே இல்லை, ஆனால் வீடுகள் பெரிதாகிக்கொண்டே வரும், ரோட்டில் லாரிகள் தனித்தனியாகத் தெரியும். பஸ்ஸில் போகும்போது காது அடைப்பதை வைத்து நாம் உணரும் ஏற்றம் இது. திரையில் இது தானாக உணரப்பட்டால் அந்தச் சிமுலேட்டரின் நிலம் நம்பத்தக்கது. முழுப் பயணமும் சுமார் 135 கிலோமீட்டர். 110 நாட்டில் முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

காற்றைச் சோதிப்பது

நிலம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மறுபாதியைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும்.

தர்மபுரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவே சமதரை. அங்கே 90 நாட்டில் விமானத்தை ட்ரிம் செய்யுங்கள். அதாவது குச்சியை விட்டாலும் அதே வேகத்தில் அதே உயரத்தில் போகும்படி ட்ரிம் சக்கரத்தைச் சரிசெய்வது. பிறகு மூக்கை மெல்லத் தூக்கி வேகத்தை 80-க்கு இறக்கி, கையை விட்டுவிடுங்கள். விமானம் மூக்கைக் கவிழ்த்து வேகம் பிடிக்கும், பிறகு மூக்கு தானே எழும், மறுபடி கவிழும். ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 20 நொடி ஆகும். ஒவ்வொரு தடவையும் ஆட்டம் குறைந்து, கடைசியில் பழையபடி 90-க்கு வந்து நிற்க வேண்டும். கையை விட்டதும் சட்டென்று நேராகி நின்றுவிட்டால் உள்ளே ஏதோ உதவி வேலை செய்கிறது. ஆட்டம் கூடிக்கொண்டே போனால் அந்த விமானத்தின் கணக்கு தப்பு. ஒரு சிமுலேட்டரின் நேர்மையை இந்த ஒரு நிமிடம் காட்டிவிடும்.

அடுத்து ஸ்டால், அதாவது வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழப்பது. 5,500 அடியிலேயே த்ராட்டிலை மூடி, உயரம் குறையாதபடி மூக்கை மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டே வாருங்கள். முதலில் காற்றுச் சத்தம் அடங்கும். குச்சி சொன்னதைக் கேட்கச் சுணங்கும். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகடு) போடாத நிலையில் 48 நாட்டை நெருங்குவதற்கு 5 முதல் 10 நாட் முன்பே எச்சரிக்கை ஊதல் கத்த வேண்டும். அப்புறம் விமானம் நடுங்கி மூக்கைக் கீழே போடும். குச்சியை முன்னால் விட்டுக்கொடுத்தால் உடனே மீளும். இதையே 60 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பிக்கொண்டே செய்தால் ஸ்டால் 68 நாட்டிலேயே வந்துவிடும். அந்தத் திருப்பத்தில் இறக்கை இரண்டு மடங்கு எடையைத் தாங்குகிறது. நேராகவும் சாய்ந்தும் ஒரே வேகத்தில் ஸ்டால் ஆனால் விளையாட்டு ஓர் எண்ணைப் பார்த்து மூக்கைப் போடுகிறதே தவிர, இறக்கையின் கணக்கைப் போடவில்லை.

இன்ஜினை அணைத்து 68 நாட்டில் சறுக்கிப் பாருங்கள். ஓர் அடி இறங்க சுமார் 9 அடி முன்னே போகும். ஓசூர் மேட்டில் 2,500 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால் ஏழு கிலோமீட்டர் தூரம் கைவசம் இருக்கிறது. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் இருக்கும். இறங்கு வேகம் நிமிடத்துக்கு 700 முதல் 800 அடிக்குள் இருந்தால் சரி.

உயரமானியின் அழுத்தக் குமிழை 1013 ஹெக்டோபாஸ்கலில் இருந்து 1003-க்குத் திருப்புங்கள். காட்டும் உயரம் 270 முதல் 300 அடி வரை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் காக்பிட்டில் உள்ளது படம், கருவி இல்லை.

உயரச் சோதனையைத்தான் நம் பக்கத்து ஆட்கள் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். சென்னை விமான நிலையம் கடல்மட்டத்தில்; ஓசூர் 3,000 அடியில். இரண்டு இடத்திலும் காற்றில்லாமல், காக்பிட் வெப்பமானி 30 டிகிரி காட்டும்படி வானிலையை அமைத்துக்கொள்ளுங்கள். முழு எடை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு த்ராட்டிலை முழுசாகத் திறந்து, பிரேக்கை விட்ட நொடியில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, 55 நாட்டில் நிறுத்துங்கள். ஓசூரில் காற்று அடர்த்தி குறைவு. இன்ஜினும் மூச்சு வாங்கும், இறக்கையும் அதே தூக்குவிசைக்கு இன்னும் வேகமாக ஓட வேண்டும். தரையில் ஓடும் தூரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும், நேரமும் கால் பங்கு அளவுக்கு நீளும். இரண்டு நேரமும் ஒன்றாக இருந்தால் அந்தச் சிமுலேட்டருக்கு உயரம் வெறும் அலங்காரம்.

ஓசூரில் இறங்குவது

ஓசூருக்குத் தென்மேற்கே, தளி ரோட்டில் பேலகொண்டப்பள்ளியில் தனியார் விமானத் தளம் இருக்கிறது. ஓடுபாதை 09, 27. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். குறியீடு வி.ஓ.95. உங்கள் சிமுலேட்டரின் வரைபடத்தில் அது வரவில்லை என்றால் பக்கத்திலேயே பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள். அங்கேயும் ஓடுபாதை 09, 27தான்.

ஃபிளாப் முழுசாக, 65 நாட். ஓடுபாதைக்கு மேல் வந்ததும் த்ராட்டிலை மூடுங்கள். தரையில் இருந்து இறக்கை அகலத்துக்குள் வந்ததும் விமானம் இறங்க மனமில்லாமல் மிதக்கும். தரைக்கும் இறக்கைக்கும் நடுவே காற்றோட்டம் மாறுவதால் வரும் விளைவு அது. 65-க்குப் பதிலாக 75-இல் வந்தால் மிதப்பு பல நூறு அடி நீள வேண்டும். பிறகு பக்கவாட்டில் 15 நாட் காற்றைப் போட்டு மறுபடி இறங்குங்கள். இந்த விமானத்துக்குக் கையேடு சொல்லும் பக்கக்காற்றின் அளவும் அதுவே. நேராக மூக்கை வைத்தால் ஓடுபாதையை விட்டு விலகும். காற்றுப் பக்கம் மூக்கைத் திருப்பி, நண்டு நடையில் வந்து, தொடும் நேரத்தில் நேராக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டபின் எப்படி நடந்துகொள்கிறது என்பதை உன்னிப்பாகப் பாருங்கள். வானத்தில் அழகாகப் பறக்கும் சிமுலேட்டர்கள்கூடத் தரையில்தான் தடுமாறும். சக்கரம் எண்ணெய் மேல் வழுக்குவதுபோல் பக்கவாட்டில் சறுக்கினாலோ, காற்று விமானத்தை நட்டுவைத்த கொடிபோல் திருப்பினாலோ எழுதிக்கொள்ளுங்கள். நான் தரை நடத்தைக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு, காற்றில் செய்த சோதனைக்கு அதிக மதிப்பு தருவேன்; வேறு யாராவது மாற்றிப் போட்டாலும் சண்டைக்குப் போக மாட்டேன்.

நேரடி வானிலையை இதற்குப் பிறகு போடுங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் வானிலையைச் சுவிட்சர்லாந்தில் உள்ள மீட்டியோபுளூ நிறுவனத்தில் இருந்து எடுக்கிறது. சரிபார்க்க வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தால் போதும். ஆடிக் காற்று மேற்கே இருந்து வீசும்போது ஓசூரில் 27-ஆம் ஓடுபாதைதான் சரியாக வர வேண்டும்.

பேடா, ஜாய்ஸ்டிக்கா?

முதல் மாதம் கன்சோலோடு வரும் பேடே போதும். அதன் குச்சி சின்னது, அசைவு குறைவு என்பதால் அமைப்பில் சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, நடுவே டெட்-ஸோனை (குச்சி லேசாக அசைந்தாலும் விளையாட்டு கண்டுகொள்ளாத இடத்தை) கொஞ்சமாக வையுங்கள். ஜாய்ஸ்டிக் வாங்கும்போது பெட்டியில் எந்தக் கன்சோலின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்பாக்ஸுக்கு எக்ஸ்பாக்ஸ் உரிமம் பெற்றது வேண்டும். பிளேஸ்டேஷன் குச்சி அதில் ஓடாது, கணினிக்கான சாதாரண யுஎஸ்பி குச்சியும் ஓடாது. த்ரஸ்ட்மாஸ்டரில் எக்ஸ்பாக்ஸுக்கு 'ஹோட்டாஸ் ஒன்', பிளேஸ்டேஷனுக்கு 'ஹோட்டாஸ் 4' என்று தனித்தனியாக வருகின்றன. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கோ சேலத்துக்கோ போய் வாங்குபவர்கள் இதைக் குறித்துக்கொண்டு போங்கள். திரும்பக் கொண்டுபோய் மாற்றுவதற்கு ஒரு நாள் போய்விடும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியவை

ஒரு நீண்ட பயணம். சென்னையில் இருந்து டெல்லிக்குப் பயணிகள் விமானத்தை எடுத்துப் போய், மும்பை மாதிரி நெருக்கமான நகரம் ஒன்றில் இன்னொரு நாள் இறங்குங்கள். ஸீரிஸ் எஸ்ஸின் நினைவகம் 10 ஜிபி, ஸீரிஸ் எக்ஸில் 16 ஜிபி. சின்னதில் கனமான விமானமும் கனமான நகரமும் சேரும்போது படம் திக்கும், சில சமயம் விளையாட்டே மூடிவிடும். இரண்டு மணி நேரம் ஓட்டி, இறங்கும் நேரத்தில் நின்றுபோவதைவிட வெறுப்பானது இல்லை. 2020 பதிப்பு ஸீரிஸ் எக்ஸில் 4கே, ஸீரிஸ் எஸ்ஸில் 1080பி. இரண்டிலும் நொடிக்கு 30 சட்டகங்கள்தான் இலக்கு. விமானம் ஓட்ட அது போதும்; அது சீராக வருகிறதா என்பதே கேள்வி. நம் பக்கம் கரண்ட் போகும் நேரம் எல்லாருக்கும் தெரியும். கன்சோலுக்கும் மோடத்துக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் இருந்தால் நல்லது.

சிமுலேட்டருக்குள்ளேயே ஒரு கடை இருக்கும். விமானங்கள், விமான நிலையங்கள் என்று காசுக்கு விற்பார்கள். செஸ்னா 172 மேலே சொன்ன சோதனைகளில் தேறும்வரை அங்கே எதையும் வாங்க வேண்டாம். தேறிய பிறகும், வாங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் கையேட்டு வேகங்களை எடுத்து ஸ்டாலையும் சறுக்கலையும் முதலில் பாருங்கள். வெளியார் செய்யும் விமானங்களில் தரம் ஏறி இறங்கும்.

நோட்டில் தேதி, பதிப்பு எண், வானிலை அமைப்பு, அசிஸ்டன்ஸ் நிலை நான்கையும் தலைப்பில் எழுதி, கீழே எண்களை மட்டும் எழுதுங்கள்: ஏறுவேகம், ஸ்டால் வேகம், சறுக்கல், சென்னை நொடி, ஓசூர் நொடி. "நன்றாக இருந்தது" என்ற குறிப்பு அடுத்த மாதம் உதவாது. பெரிய அப்டேட் வந்த வாரத்தில் காற்றுக் கணக்கையே மாற்றியிருப்பார்கள். அப்போது ஓசூர் ஓடுபாதையில் மறுபடி நின்று, அதே எடை, அதே 30 டிகிரியில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, பழைய பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.